நோல்டேயின் ஆட்டக்காரிகள்

ஜெர்மானிய ஓவியர் எமில் நோல்டே 1910-இல் வரைந்த ‘பொற்கன்றைச் சுற்றி நடனம்’ ஓவியத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விவிலியக் கதைதான். மோசே மலையேறிப் போன நேரம் பார்த்து மக்கள் பொன்னில் கன்று செய்து வைத்து ஆடுகிறார்கள். 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஓவியர் பூசன் இதே காட்சியை வரைந்தபோது கன்றை உயரமான பீடத்தில் ஏற்றி வைத்தார். நோல்டே அதைப் பின்னால் தள்ளிவிட்டார். முன்னால் முழுக்கப் பெண்கள். மஞ்சள், சிவப்பு, ஊதா எனச் சாயம் அப்பி அப்பி வைத்திருக்கிறது. கிட்டப் போனால் எது கை, எது பாவாடை என்றே பிடிபடவில்லை. தள்ளி நின்றால் ஆட்டம் தொடங்கிவிடுகிறது. பாவம் என்று கண்டிக்க வேண்டிய காட்சியை இவ்வளவு ஆசையாகவா வரைவார் ஒருவர்!

அதற்கு முந்தைய வருடமே ‘வெறியாட்டம் ஆடும் குழந்தைகள்’ என்று ஒன்று வரைந்திருந்தார். அதில் முகங்கள்கூடக் கிடையாது, வெறும் வண்ணத் தீற்றல்.

ஆள் அப்படியொன்றும் நல்லவரில்லை. நாஜிக் கட்சியில் சேர்ந்தவர், யூத வெறுப்பும் உண்டு. அந்த நாஜிகளே 1937-இல் மியூனிக்கில் ‘சீரழிந்த கலை’ என்று கண்காட்சி வைத்து இவர் ஓவியங்களையும் தொங்கவிட்டுக் கேலி செய்தார்கள். அருங்காட்சியகங்களிலிருந்து இவருடைய படைப்புகள் ஆயிரத்துக்கும் மேல் பறிமுதல். இந்தப் பொற்கன்று இப்போது இருப்பதும் மியூனிக்கில்தான்.

1912-இன் ‘மெழுகுவர்த்தி நடனக்காரிகள்’ இன்னும் பிரபலம் என்பார்கள். சரி, இருக்கட்டும். எனக்கு என்னவோ 1910-தான்.