எக்ஸ்ரே காட்டாத குருத்தெலும்பு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் கால்பந்து ஆடும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். முழங்கால் முறுக்கி வீங்கினால், எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்பதோடு நிம்மதியாகிவிடாதீர்கள். மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பை எக்ஸ்ரே காட்டாது. என் அக்கா மகனுக்கு முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் ஏ.சி.எல். தசைநார் கிழிந்ததும், கூடவே குருத்தெலும்பு அடிபட்டதும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரிந்தன.

குருத்தெலும்பில் நரம்பும் இல்லை, இரத்தக் குழாயும் இல்லை. அதனால் கெடத் தொடங்கும்போது அது வலியாகச் சொல்வதில்லை. கெட்டபின் தானாக எளிதில் ஆறுவதும் இல்லை. டி2 மேப்பிங் என்னும் எம்.ஆர்.ஐ. முறை, மேற்பரப்பு தேயும் முன்பே உள்ளே நீரின் அளவும் கொலாஜன் என்னும் புரத இழைகளின் ஒழுங்கும் மாறுவதைக் காட்டக்கூடும். எவ்வளவு பெரிய வரம் அது! எக்ஸ்ரே கதிர்வீச்சும் இதில் கிடையாது.

டர்பனில் எம்.ஆர்.ஐ. எடுக்கக் காத்திருக்க நேரலாம். ஆனாலும் மருத்துவரிடம் கேளுங்கள். வீக்கம் வடிந்துவிட்டது என்று அதற்குள் பிள்ளையைத் திடலுக்கு அனுப்பாதீர்கள்.