டம்ளரைத் தராசுல ஏத்துங்க

அரிசிம்பருப்பு சோத்துக்கு ‘ரெண்டு டம்ளர் அரிசி, அரை டம்ளர் பருப்பு’ன்னா ஈரோட்டுப் பக்கம் யாருக்கும் புரியும். எந்த டம்ளர்ங்கறதுதான் சிக்கல்.

காலி டம்ளரைத் தராசுல வெச்சு, எடையைப் பூஜ்யமாக்கி, விளிம்புவரை தண்ணி ஊத்துங்க. 200 கிராம் காட்டினா அது 200 மில்லி டம்ளர். ஈரம் போகத் துடைச்சிட்டு, அரிசியைத் தலைதட்டி அளந்தா சுமார் 165 கிராம். துவரம்பருப்பும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கடலெண்ணெய் 183.

வம்பு பண்றது மாவுதானுங்க. சலிச்ச ராகி மாவைக் கரண்டியால உதிர்த்துப் போட்டா 105 கிராம் கிட்ட நிக்கும். டம்ளரையே மாவுக்குள்ள விட்டு அமுக்கி மொண்டா 130கூட வரும். தண்ணி மட்டும் பழைய அளவுன்னா களி இறுகிப்போய், உள்ள வேகாத மாவுக்கட்டி நிக்கும். மூணு தடவை ஒரே மாதிரி அளந்து, சராசரியை டப்பா மூடியிலேயே எழுதி ஒட்டிடுங்க.

தூளுப்பு ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய 6 கிராம். கல்லுப்புக்கு நடுவுல சந்து இருக்கறதால அதே ஸ்பூன்ல எடை குறையும். ஒப்புட்டுக்கு, அதாவது போளிக்குப் போடற வெல்லமும் அப்படித்தான். கட்டிகளா டம்ளர்ல போட்டு அளக்கறது வீண் வேலை, நேரா தராசுல வெச்சிடுங்க.