ஆயுத பூஜைக்கு முன் ஒரு கோல்ஃப் செட்: ஏற்காட்டு நாட்குறிப்பு

செப்டம்பர் 20, 2025, சனி

ஆயுத பூஜை அக்டோபர் 1, புதன்கிழமை. அதற்குள் செட் முழுவதும் சுத்தமாக வேண்டும். கோல்ஃப் விதிப்படி ஒரு பையில் 14 கிளப், அதாவது பந்தடிக்கும் மட்டை, வரை இருக்கலாம். அத்தனையையும் ஒரே வாளியில் போட்டு ஒரே பவுடரால் தேய்த்தால் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், பாதி செட்டும் கெட்டுவிடும்.

இன்று தண்ணீரே தொடவில்லை. எந்தக் கிளப்புக்கு என்ன மேற்பரப்பு என்று பிரிப்பது மட்டும்தான். உலோகத் தட்டு மாதிரி தலையுள்ள கிளப்களான அயர்ன்களில் பொதுவாக மூன்று வகை. முதலாவது, மென்மையான கார்பன் ஸ்டீலை அடித்து வடித்து, மேலே நிக்கல், அதற்கு மேல் குரோம் பூசியது. இரண்டாவது, 17-4 அல்லது 431 ரக ஸ்டெயின்லெஸ்ஸில் வார்த்தது; பல செட்களில் இதற்குப் பூச்சே இருக்காது. மூன்றாவது, கிட்டத்தில் பந்தை உயரத் தூக்கி அடிக்கும் வெட்ஜ்களில் மட்டும் அதிகம் வரும் பூச்சில்லாத பச்சை இரும்பு. இது துருப்பிடிக்கும் என்று தெரிந்தே விற்கிறார்கள்.

சேலத்தில் பாத்திரக்கடைக்குப் போனால் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்க்கும் பழக்கம் உண்டு. 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது, அதனால் 'ஒட்டினால் மட்டம்' என்று ஒரு கணக்கு. கிளப்பில் அந்தக் கணக்கு செல்லாது. 17-4, 431 இரண்டும் நல்ல ஸ்டெயின்லெஸ்தான், இரண்டிலும் காந்தம் ஒட்டும். நம்ப வேண்டியது கண்ணை. குரோம் லேசாக நீலம் பாய்ந்த வெள்ளை. அடிப்பகுதியில், தரையில் உரசித் தேய்ந்த இடத்தில், மங்கலான மஞ்சள் தெரிந்தால் குரோம் போய் நிக்கல் வந்துவிட்டது. பழுப்புப் புள்ளி தெரிந்தால் நிக்கலும் போய்விட்டது.

செப்டம்பர் 21, ஞாயிறு

அயர்ன் கழுவும் நாள். நான்கு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு டீஸ்பூன். சூடு கை பொறுக்கும் அளவுக்கு மேல் போகக் கூடாது. தலையும் தண்டும் சேரும் இடத்தில் கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கிறதே, அதுதான் ஃபெரூல். அதற்குள் இருக்கும் பசை எபாக்சி. கொதிநீர் அதற்கு எதிரி. தண்ணீர் ஃபெரூலைத் தொடாத உயரத்துக்கு வாளியில் இருந்தால் போதும். தலை மட்டும் நனைய ஐந்து நிமிடம், மண் காய்ந்து இறுகியிருந்தால் பத்து.

இந்த மலையின் செம்மண் காய்ந்துவிட்டால் குரூவுக்குள் சிமெண்ட்தான். அதைக் கம்பியால் கிளறுகிறவர்கள் உண்டு. குரூவ் என்பது கிளப்பின் முகத்தில், அதாவது பந்தில் படும் பக்கத்தில், அதிகபட்சம் 0.9 மி.மீ. அகலமும் 0.5 மி.மீ. சொச்சம் ஆழமும் உள்ள ஒரு கீறல். அதற்குள் ஊசியோ ஸ்க்ரூடிரைவரோ போனால் விளிம்பு பிசிறும். தென்னை ஈர்க்குக்கு இணையாக இந்த வேலைக்கு எதுவும் இல்லை. விளக்குமாற்றிலிருந்து ஒன்றை உருவி, அடிப்பக்கத்தைச் சாய்வாகச் சீவினால் குரூவில் சரியாக உட்காரும். குரோமை விட எவ்வளவோ மென்மையானது, கீறாது. முனை மழுங்கினால் மறுபடி சீவிக்கொள்ளலாம். ஈர்க்கு போன பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை குரூவின் போக்கிலேயே ஓட்டினால் மிச்சமும் வந்துவிடும்.

பித்தளை பிரஷ் குரோமைக் கீறாது, ஆனால் மஞ்சள் கோடு இழுக்கும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் கூடவே கூடாது. அதிலிருந்து உடையும் நுண்ணிய இரும்புத்தூள் குரூவுக்குள் தங்கி, இரண்டு நாளில் துருவாகத் தலைகாட்டும். கிளப் துருப்பிடித்துவிட்டது என்று பதறுவார்கள், துரு நாரினுடையது.

அலசுவதற்கு ஏற்காட்டில் மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் பிரச்சினை இல்லை. கீழே சேலத்தில் போர் தண்ணீரில் அலசி அப்படியே வைத்தால் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு விழும். கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் ஒரு சொம்பு போதும். விழுந்துவிட்ட பொட்டுக்கு வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிடம் துடைத்து, உடனே நல்ல தண்ணீரால் துடைக்க வேண்டும். பூச்சு உரிந்த இடத்தில் இதைச் செய்யக் கூடாது. எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்ப்பதும் இதே கதை: அமிலம் உரிந்த ஓரம் வழியாக உள்ளே இறங்கி இரும்பை அரிக்கும், பூச்சு மேலும் தூக்கும்.

கழுவுவதில் பாதி வேலை துவட்டுவது. முதலில் துணி, பிறகு ஈர்க்கில் சுற்றிய துணி குரூவுக்குள், பிறகு தலை கீழே இருக்கும்படி அரை மணி நேரம் சாய்த்து வைப்பது. நேர்மாறாக வைத்தால் தண்ணீர் ஃபெரூல் பக்கம் இறங்கி நிற்கும்.

செப்டம்பர் 23, செவ்வாய்

பச்சை இரும்பு வெட்ஜ். முகம் முழுவதும் செந்தூசி. துரு இருந்தால் பந்து கூடுதலாகச் சுழலும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது; சுழல வைப்பது குரூவின் விளிம்பும் முகத்தின் சொரசொரப்பும், துரு அல்ல. மேலோட்டமான துருவை விட்டுவிடுவதும் தவறில்லை. செதிலாக உரியத் தொடங்கினால்தான் எடுக்க வேண்டும்.

கடையில் கிடைக்கும் சாதாரண வினிகர், தண்ணீர் கலக்காமல், முகம் மூழ்கும் அளவு. ஒரு மணிக்கொரு முறை எடுத்து நைலான் பிரஷ்ஷால் தேய்த்துப் பார்ப்பது. பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேரத்தில் விட்டுவிடும். ராத்திரி ஊறட்டும் என்று போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் இரும்பு சாம்பல் நிறமாகி, தொட்டால் சொரசொரவென்று அரித்திருக்கும். எடுத்த உடனே ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து அதில் சில நிமிடம். அமிலம் மிச்சமிருந்தால் துரு திரும்ப வரும்.

அதற்குப் பிறகுதான் அவசரம். வெறும் இரும்பு ஈரத்தோடு காற்றில் நின்றால், அதுவும் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வரும் இந்த மாதத்தில், நிமிடக் கணக்கில் ஆரஞ்சுப் படலம் பூக்கும். துணியால் துடைத்து, ஹேர் டிரையரில் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறைகிற சாதி, ஏற்காட்டில் பாதி வருடம் உறைந்தே இருக்கும். நாளானால் சிக்குப் பிடித்து மண்ணைச் சேர்க்கும். ஆடப் போகும் முன் முகத்தில் உள்ள எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் பந்து வழுக்கும்.

குரோம் பூசிய கிளப்பில் குத்துக் குத்தாகத் தெரியும் துருவுக்கு வினிகர் குளியல் தேவையில்லை. அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் தேய்த்தால் வந்துவிடும். அலுமினியம் குரோமை விட மென்மையானது. ஸ்டீல் தண்டுகளுக்கும் இதுவே.

செப்டம்பர் 25, வியாழன்

தண்டுகள் சீக்கிரம் முடிந்தன. ஸ்டீல் தண்டை சோப்புத் துணியால் துடைத்து, உலர்த்தி, கார் வாக்ஸ் மெல்லிய பூச்சு. கிராஃபைட் தண்டுக்கு மெட்டல் பாலிஷ் ஆகாது. மேலே உள்ள வார்னிஷ் மங்கும். துடைக்கும்போதே விரலால் தடவிப் பார்க்க வேண்டும்: பையின் தடுப்பில் உரசி உரசி நார் வெளியே தெரிந்தால் அந்தத் தண்டை ஆட்டத்துக்கு எடுக்கக் கூடாது.

கையால் பிடிக்கும் ரப்பர் உறையான கிரிப்தான் நேரம் எடுத்தது. வழுக்கும் கிரிப் எல்லாம் தேய்ந்த கிரிப் இல்லை. வியர்வை உப்பும் தோல் எண்ணெயும் ரப்பர் மேல் படிந்து வழவழப்பாகியிருக்கும், அவ்வளவுதான். அதே சோப்புத் தண்ணீர், நைலான் பிரஷ், மேலிருந்து கீழ். கிரிப்பின் நுனியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. அது வழியாகத் தண்ணீர் இறங்கினால் ஸ்டீல் தண்டு உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே எதுவும் தெரியாது. ஓட்டையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு கழுவ வேண்டும். பெட்ரோலும் தின்னரும் அழுக்கை ஒரே இழுப்பில் எடுக்கும், கூடவே ரப்பரை ஊதவைத்து உள்ளே ஒட்டியிருக்கும் டேப்பையும் கரைக்கும்.

காய வைப்பது நிழலில், காற்றில். சேலத்து மாடியில் வெயிலில் பரப்பினால் ஒரு மணி நேரத்தில் காயும், ஆனால் பழகப் பழக ரப்பர் இறுகி வெடிக்கும். இங்கே மலையில் ஒரு முழு நாள் வேண்டும். காய்ந்த பிறகும் பளபளப்பு இருந்தால் 120 நம்பர் உப்புத்தாளால் லேசாக இரண்டு தடவை. அதற்கும் மசியாவிட்டால் மாற்றத்தான் வேண்டும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

பாலிஷ். எல்லோருக்கும் பிடித்த வேலை, செட்டுக்குக் குறைவாகத் தேவைப்படும் வேலையும் இதுவே.

பாலிஷ் என்றால் மேற்பரப்பை மிக மெல்லியதாகச் சீவி எடுப்பது. மேலே இருக்கும் குரோம் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. எனவே மெட்டல் பாலிஷ் ஒரு மிளகு அளவு, பழைய பனியன் துணி, ஒரு தலைக்கு ஒரு நிமிடம், பிறகு சுத்தமான துணியால் துடைப்பு. வெள்ளிப் பாத்திரத்துக்குப் போடும் விபூதிகூட இதே வேலையைச் செய்யும், ஆனால் குரூவுக்குள் போய் அடையும். பாத்திரம் தேய்க்கும் கரகரப்பான பவுடர் குரோமில் வட்ட வட்டமாகக் கீறல் போடும். வெளிச்சத்தில் திருப்பினால்தான் தெரியும், தெரிந்த பிறகு போகாது.

மங்கலான சாட்டின் பூச்சுள்ள கிளப்புக்குப் பாலிஷே கிடையாது. தேய்த்த இடம் மட்டும் மின்னி, திட்டுத் திட்டாகப் போகும். கறுப்புப் பூச்சுக்கும் கிடையாது; கறுப்பே துணியில் வந்துவிடும்.

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைகளில், துணிச் சக்கரத்தைச் சுழற்றிப் பாலிஷ் போடும் பஃப் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். கொடுத்தால் அயர்னைக் கண்ணாடியாக்கித் தருவார்கள். செய்யக் கூடாது. சுழலும் பஃப் முதலில் தின்பது விளிம்புகளை: முன் விளிம்பில் பூச்சு போகும், குரூவின் ஓரம் உருண்டுபோகும். பூச்சில்லாத பழைய கார்பன் ஸ்டீல் தலையானால், முகத்தைத் தவிர்த்துப் பின்பக்கம் மட்டும் பஃப் போடலாம். பிறகு எண்ணெய் மறக்கக் கூடாது.

குரூவைக் கூர்மையாக்கும் சின்னக் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன. 2010-இல் வந்த விதிப்படி முகம் 25 டிகிரியும் அதற்கு மேலும் சாய்வுள்ள கிளப்களில் குரூவின் ஓரம் குறைந்தது 0.254 மி.மீ. ஆரத்துக்கு உருண்டிருக்க வேண்டும். கையால் சுரண்டி அந்த அளவுக்குள் நிற்க முடியாது. வீட்டுக்குள் ஆடுகிறவர் செய்துகொள்ளட்டும். போட்டிக்குப் போகிறவர் தொடவே வேண்டாம்.

தலையில் பொறித்திருக்கும் எண்களில் நிறம் உதிர்ந்திருந்தது. பல்குத்தும் குச்சியால் எனாமல் பெயிண்ட்டைப் பள்ளத்தில் நிரப்பி, சற்று இறுகியதும் டர்பெண்டைன் தொட்ட துணியை ஒரு அட்டையில் சுற்றி மேலாக இழுத்தால் பள்ளத்தில் உள்ளது மட்டும் நிற்கும். துணியை விரலில் சுற்றி இழுத்தால் பள்ளத்துக்குள் இருப்பதும் சேர்ந்து வரும். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனை இதற்கு எடுத்தால் கை தவறி ஃபெரூலில் படும், ஃபெரூல் உருகும்.

செப்டம்பர் 29, திங்கள்

தூரமாக அடிக்கும் பெரிய தலைக் கிளப்பான டிரைவரை வாளிக்குள் இறக்கவே கூடாது. உள்ளே காலி. எடைத் திருகுகள், கழுத்துத் திருகு என்று தண்ணீர் நுழைய வழிகள் உண்டு. ஈரத் துணி, பிறகு காய்ந்த துணி, மேல் பெயிண்ட்டுக்குக் கார் வாக்ஸ். மேலே பந்து பட்ட வெள்ளைக் கோடு பெரும்பாலும் பந்தின் பெயிண்ட்தான். கார் பாலிஷில் போகும். நகம் மாட்டினால் அது பள்ளம், பாலிஷால் ஆகாது. கழுத்துத் திருகைத் துடைக்கக் கழற்றினால், மாட்டும்போது கூடவே வந்த டார்க் சாவி (முறுக்கும் அளவைக் காட்டும் சாவி) 'க்ளிக்' என்று சொல்லும் வரை முறுக்கி, அங்கேயே நிறுத்த வேண்டும்.

பந்தைக் குழிக்குள் உருட்டும் கிளப்பான பட்டரின் தலை பித்தளையானால் புளி போட்டுத் தேய்க்கலாம், குத்துவிளக்கு மாதிரியே வரும். தேய்த்த கையோடு கழுவித் துடைக்காவிட்டால் பச்சை பூக்கும். முகத்தில் ரப்பர் மாதிரி ஒரு வில்லை பதித்திருந்தால் புளி, பாலிஷ் எதுவும் வேண்டாம். சோப்புத் துணியோடு சரி.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

சந்தனம், குங்குமம் வைக்கும் இடத்தையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. முகத்தில் வைத்தால் சந்தனம் குரூவில் காய்ந்து இறுகும், மறுபடி ஈர்க்கு எடுக்க வேண்டும். வெளிர் நிற கிரிப்பில் குங்குமச் சாயம் இறங்கினால் போகாது. தலையின் பின்பக்கம், மழமழவென்ற இடத்தில் ஒரு பொட்டு. பச்சை இரும்பு வெட்ஜில் ஈரச் சந்தனம் பட்ட இடம் விடிவதற்குள் துருவாகும்; அதற்குப் பதில் பையின் பட்டையில் வைத்துவிட்டோம். சாமி கோபித்துக்கொள்ளாது.

அக்டோபர் 5, ஞாயிறு

பொட்டுகளைத் துடைத்து, வெட்ஜுக்கு மறுபடி எண்ணெய், எல்லாம் பைக்குள். பை உட்புறம் காய்ந்திருக்கிறதா என்று கையை அடிவரை விட்டுப் பார்ப்பது முக்கியம். அடியில் ஈரம் இருந்தால் செய்த வேலை எல்லாம் வீண். நனைந்த துணி உறைகளைத் தலையில் மாட்டி வைக்கக் கூடாது. சிலிக்கா ஜெல் 100 கிராம் பொட்டலம் இரண்டு உள்ளே. நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். வாணலியில் மெல்லிய தீயில் வறுத்தால் நீலம் திரும்பும், ஆனால் அந்த வாணலி பிறகு சமையலுக்கு ஆகாது. தோல் கையுறையைப் பைக்குள் போடாமல் தனியாகத் தொங்கவிட வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை.

சேலத்துக்கு இறக்கும்போது 20 கொண்டை ஊசி வளைவு. டிக்கியில் சும்மா படுக்கவைத்தால் அயர்ன்கள் ஒன்றையொன்று முட்டி, இவ்வளவு பாடுபட்ட குரோமில் கொத்துக் கொத்தாக அடி விழும். தலைகளுக்கு நடுவே ஒரு பழைய துண்டை நெளித்து நுழைத்துவிட்டால் சத்தமே வராது. கீழே போய்ச் சேர்ந்ததும் பையை வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும். மூடிய டிக்கிக்குள் சேலத்து வெயிலில் ஃபெரூல் மேலே நகர்ந்து, தலைக்கும் அதற்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரியும். அப்படித் தெரிந்தால் ஆடுவதற்கு முன் பட்டறையில் காட்டி, பசை விட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.