பழைய கணக்குகளை மூடியபோது

பல வருடமாக வேறொருவர் பார்த்துவந்த, டெபியன் என்ற லினக்ஸ் ஓடும் ஒரு சர்வர் என் பொறுப்புக்கு வந்தது. யார் யாருக்கு அதில் கணக்கு இருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. பட்டியலை எடுத்தால், வேலையை விட்டுப் போனவர்களின் பெயர்களே அதிகம். உடனே அழித்துவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு கணக்கில் எது எது தொங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் அதைத் தொடக்கூடாது என்பது என் கட்சி.

அமைப்புக் கோப்புகள் இருக்கும் இடிசி அடைவில் (ஃபோல்டரில்) உள்ள பாஸ்வேர்டு கோப்பில் ஒரு கணக்குக்கு ஒரு வரி. முக்காற்புள்ளியால் பிரித்த 7 பகுதிகள்: பெயர், பாஸ்வேர்டு இருந்த இடத்தில் வெறும் எக்ஸ், யூசர் எண், குரூப் எண், விவரம், ஹோம் அடைவு (அந்த ஆளின் சொந்தக் கோப்புகளுக்கான இடம்), ஷெல் (நுழைந்ததும் கட்டளைகளை வாங்கும் நிரல்). பாஸ்வேர்டை உருமாற்றிச் சேமித்த ஹாஷ் இருப்பது ஷேடோ கோப்பில். அதைச் சாதாரண யூசர் படிக்க முடியாது. டெபியனில் மனிதர்களுக்கான எண்கள் 1000 இல் தொடங்கும். கீழே இருப்பவை சிஸ்டம் சேவைகளுக்கானவை, அவற்றை அப்படியே விட்டுவிட்டேன். ஆனால் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கைத் தவிர வேறு எந்தக் கணக்குக்காவது 0 என்ற எண் இருக்கிறதா என்று மட்டும் தேடிப் பார்த்தேன். பெயர் எதுவாக இருந்தாலும், எண் 0 என்றால் சிஸ்டத்தின் மையமான கெர்னலுக்கு அது ரூட்தான். நல்லவேளை, அப்படி எதுவும் இல்லை.

அடுத்து, போனவர்களின் கணக்குகளை நிறுத்துவது. சிலவற்றை முன்பே யாரோ பூட்டியிருந்தார்கள். ஷேடோ கோப்பில் ஹாஷுக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி நின்றது. இது போதுமா என்று பார்க்க ஒரு சோதனைக் கணக்கைத் தொடங்கி, அதில் எஸ்எஸ்எச் கீயை (பாஸ்வேர்டு இல்லாமலே தொலைவிலிருந்து நுழைய உதவும் சாவி) வைத்து, அதே மாதிரி பூட்டினேன். வெளியிலிருந்து கீயோடு வந்தால், எதுவும் கேட்காமல் உள்ளே விட்டது! பூட்டியது பாஸ்வேர்டை மட்டும்தான். கீக்கு அது குறுக்கே நிற்கவில்லை. பாஸ்வேர்டு கட்டளையின் கையேட்டுப் பக்கத்திலேயே இது தெளிவாக இருக்கிறது. கணக்கை உண்மையாகவே மூட வேண்டுமானால் கணக்கின் விவரங்களை மாற்றும் யூசர்மாட் கட்டளையில் காலாவதி நாளாக 1 என்று கொடுக்கச் சொல்கிறது. நாள்கணக்கு 1970 ஜனவரி 1 இல் தொடங்குவதால், 1970 ஜனவரி 2 அன்றே அந்தக் கணக்கு முடிந்துபோனதாகப் பதிவாகும். 0 கொடுக்கக்கூடாது, அதைக் காலாவதியே இல்லை என்றும் எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. 1 கொடுத்ததும் சோதனைக் கணக்கு கீயோடு வந்தாலும் கதவைத் திறக்கவில்லை. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களை இது வெளியேற்றாது. ஓடிக்கொண்டிருக்கும் புராசஸ்களைத் தனியாக நிறுத்த வேண்டும்.

சரி, எல்லாவற்றுக்கும் இதையே செய்துவிடலாமா? அதற்கு முன் ஒவ்வொரு கணக்கின் கிரான் பட்டியலையும் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகள்) பார்த்தேன். அங்கேதான் பெரிய விஷயம் இருந்தது. தரவுத்தளத்தின் இரவு பேக்கப், எப்போதோ போய்விட்ட ஒருவரின் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. கணக்கு காலாவதியானால் அதன் கிரான் வேலைகளும் நின்றுபோகும். அதுவும் சத்தமில்லாமல், லாகில் ஒரு வரியோடு. பேக்கப் இல்லை என்பது அது தேவைப்படும் நாளில்தான் தெரியவரும். அதற்கென்று மனிதர் யாரும் நுழைய முடியாத ஒரு சேவைக் கணக்கைத் தொடங்கினேன். ஷெல்லாக, யாரையும் உள்ளே விடாத நோலாகின், தேவையான அடைவுக்கு மட்டும் அனுமதி. பேக்கப் புதுக் கணக்கில் ஓடி, அதைத் திரும்ப விரித்துப் பார்த்த பிறகுதான் பழையதை மூடினேன்.

அழிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. யூசர்டெல் கொடுத்தால் கணக்கு போய்விடும், ஹோமுக்கு வெளியே இருக்கும் கோப்புகள் போகாது. அவற்றின் உரிமையாளர் இருந்த இடத்தில் பெயர் போய் வெறும் எண் நிற்கும். அந்த எண் பின்னால் ஒரு புது யூசருக்குப் போனால், பழைய ஆளின் கோப்புகள் எல்லாம் புதியவருக்குச் சொந்தம். முன்பு யாரோ அழித்த கணக்குகளின் மிச்சம் இருக்குமோ என்று ஃபைண்ட் கட்டளையில் நோயூசர் (உரிமையாளர் கணக்கு இல்லாதவை) கொடுத்துத் தேடினால், திட்ட அடைவுகளில் அப்படிப்பட்ட கோப்புகள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றையும் உரியவரிடம் கேட்டு மாற்றினேன். அலுப்பான வேலை, ஆனால் தவிர்க்க முடியாது. அதனால்தான் நான் கணக்கை மூடுவதோடு நிறுத்திக்கொள்கிறேன். எண் அந்த ஆளுக்கே ஒதுக்கப்பட்டு இருக்கட்டும்.

குரூப் மாற்றுவது சுலபம், ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். யூசர்மாடில் பெரிய ஜி என்ற ஆப்ஷனை மட்டும் கொடுத்தால், நீங்கள் எழுதிய குரூப்பைத் தவிர மற்ற துணைக் குரூப்களிலிருந்து ஆளை எடுத்துவிடும். சின்ன ஏ சேர்த்துக் கொடுத்தால்தான் இருப்பதோடு சேரும். ரூட் அதிகாரத்தோடு கட்டளை கொடுக்க விடும் சுடோ குரூப்பும் அதில் போய்விட்டால் திரும்ப உள்ளே வர ரூட் வேண்டும். சுடோ விதிகளை அதற்கான விசுடோ கருவியில் மட்டுமே திருத்துவேன். எழுத்துப் பிழை இருந்தால் சேமிக்கும் முன்பே சொல்லிவிடும். எதை மாற்றினாலும் இன்னொரு டெர்மினலில் ரூட்டாக நுழைந்து திறந்தே வைத்திருப்பேன். கடைசியாக பிடபிள்யூசிகே என்ற சோதனைக் கட்டளையை ஓட்டி பாஸ்வேர்டு, ஷேடோ கோப்புகள் இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்த்தேன். இல்லாத ஹோம் அடைவுகளைச் சுட்டியதைத் தவிர வேறு புகார் இல்லை.

அப்புறம், ஒப்பந்தத்தில் வருகிறவர்களுக்குக் கணக்கு தொடங்கும்போதே ஒப்பந்தம் முடியும் தேதியைக் காலாவதியாகக் கொடுத்துவிடுகிறேன். நீட்டித்தால் சேஜ் கட்டளையில் தேதியை மாற்றினால் போதும்.