எர்ஹு உறுமல் ஒருவழியாக அடங்கியது

உள் தந்தியில் விரல் கொஞ்சம் கீழே இறங்கினாலே உர்ரென்று உறுமிக்கொண்டிருந்த எர்ஹு, அதாவது பெட்டியில் மலைப்பாம்புத் தோல் போர்த்திய, வில்லால் வாசிக்கும் சீனத்து இரண்டு தந்தி வாத்தியம், இப்போது ஒழுங்காகப் பேசுகிறது. தந்தியை மாற்று, வில்லை மாற்று, ரோசினை (வில்லில் தேய்க்கும் பிசினை) மாற்று என்று கடைக்காரர் ஒரு பட்டியலே போட்டிருந்தார். கடைசியில் வேலை செய்தது ஒரு துண்டு ஃபெல்ட் துணி.

குதிரைக்கு (தோல் மேல் நின்று தந்தியைத் தாங்கும் மரத்துண்டு) கீழே தந்திக்கும் தோலுக்கும் நடுவில் செருகும் திண்டைத்தான் சொல்கிறேன். கூடவே வந்த ஸ்பாஞ்ச் சரியான குப்பை. திண்டு தடித்தால் உறுமல் போகும், கூடவே நாதமும் போய்ச் சளி பிடித்தவன் பாடுவது போலாகிவிடும், மெலிந்தாலோ உறுமல் திரும்ப வந்து உட்காரும். அகலமும் கணக்குத்தான். ஃபெல்ட்டைக் குதிரையின் அகலத்துக்கே வெட்டி, இரண்டாக மடித்து, குதிரையில் இடிக்காமல் ஒரு நூல் இடைவெளி விட்டுச் செருகியதும் சத்தம் திறந்துகொண்டது. பிறகு மேப்பிள் குதிரையை நடுவிலிருந்து துளி மேலே நகர்த்தினேன், நகர்த்தினால் சுருதி போய்விடும், மறுபடி பிரடையைத் திருகி டி, ஏ, அதாவது ச-ப சேர்க்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பக்கம் வராதீர்கள். வாசித்து முடித்ததும் குதிரைக்கு மேலே தந்திக்கடியில் ஒரு பென்சிலைச் செருகி வையுங்கள், தோல் மேல் இருக்கும் பாரம் குறையும்.

உறுமலுக்குக் காரணம் தோல்தான். தோலுக்கும் பெட்டிக்கும் இயல்பாகவே ஒரு அதிர்வு உண்டு, வாசிக்கும் ஸ்வரம் அதன் பக்கத்தில் வந்தால் தந்தியின் சக்தியை அது இழுத்துக்கொள்ளும், இரண்டும் மல்லுக்கட்டும். செல்லோவிலும் இதே தொல்லைதான். போதாக்குறைக்கு இப்போது எல்லாம் இரும்புத் தந்தி. முன்பு பட்டுத் தந்தி.

பட்டு என்றதும் அபிங் நினைவுக்கு வருகிறார். வூஷி நகரத் தெருக்களில் வாசித்த கண் தெரியாத கலைஞர். 1950 கோடையில் இசை ஆய்வாளர் யாங் யின்லியு போய்க் கம்பி ரெக்கார்டரில் பதிவு செய்தார், அந்த டிசம்பரிலேயே அபிங் இறந்துவிட்டார். அவருக்கு முன்பே இசையமைப்பாளர் லியு தியன்ஹுவா (1895–1932) எர்ஹுவைப் பெய்ஜிங் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோய், தனிவாசிப்புக்கு 10 உருப்படிகளும் 47 பயிற்சிகளும் எழுதி வைத்துவிட்டார். அந்தப் பயிற்சிகளில்தான் என் இடது கை இப்போது அல்லாடுகிறது. விரல்பலகை கிடையாது, விரல் மரத்தைத் தொடவே தொடாது, கொஞ்சம் அதிகமாக அழுத்தினாலே சுருதி ஏறிவிடும். கமகம் பிடிக்கிறவர்களுக்குக் கொண்டாட்டம், எனக்குத் திண்டாட்டம்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று: மலைப்பாம்புத் தோல் சைட்டிஸ் (அருகும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் வருகிறது, தாள் இல்லாமல் எல்லை தாண்டாதீர்கள். செயற்கைத் தோல் வைத்ததும் கிடைக்கிறது, மழைக்காலத்தில் தொய்யாது, ஆனால் எனக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. பெட்டி ஆறு மூலை என்றால் சூசோ பாணி, எட்டு மூலை பெய்ஜிங் பாணி. என்னுடையது சூசோ.

அடுத்து, அபிங்கின் உருப்படிக்காகச் சுருதியை ஜி-டிக்கு இறக்க ஆசை. இப்போதிருக்கும் தந்தியைத் தளர்த்தினால் தொளதொளவென்றுதான் கேட்கும், அதற்கென்றே தடித்த தந்தி விற்கிறார்கள், சொல்லி வைத்திருக்கிறேன். சியன்ஜின், அதாவது தந்திகளைத் தண்டோடு சேர்த்துக் கட்டும் நூலைப் புதிதாகச் சுற்றும் வேலை மட்டும் இன்னும் பாக்கி.