ஒரே கேம், இரண்டு கதி

கேம் ஆடும் கருவியான கன்சோலின் பவர்தான் ஒரு கேமை ஜெயிக்க வைக்கிறது என்று யாராவது சொன்னால், எனக்கு உடனே மரியோ கார்ட் 8 என்ற ரேஸ் கேம் ஞாபகம் வரும்.

2014-ல் நிண்டெண்டோவின் வீ யூ கன்சோலுக்கு வந்த கேம் அது. அழகான டிராக்குகள், நொடிக்கு 60 பிரேம் (படம்) என்று திக்காமல் ஓடும் காட்சி, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் விற்றது சுமார் 84 லட்சம்தான். ஏனென்றால் வீ யூ விற்றதே மொத்தம் 1.35 கோடி. யோசித்துப் பாருங்கள், அந்தக் கன்சோல் வைத்திருந்தவர்களில் பாதிக்கு மேல் இந்த கேமை வாங்கியிருக்கிறார்கள்! அதற்கு மேல் விற்க ஆள் ஏது?

அப்புறம் 2017-ல் கிட்டத்தட்ட அதே கேம், கொஞ்சம் கூடுதல் சரக்கோடு, 'டீலக்ஸ்' என்று நிண்டெண்டோவின் அடுத்த கன்சோலான ஸ்விட்சுக்கு வந்தது. ஸ்விட்ச் ஒன்றும் பெரிய பலசாலி இல்லை, பவரில் சோனியின் பிஎஸ்4 கன்சோலுக்குக் கீழேதான். ஆனால் கையிலும் ஆடலாம், டிவியிலும் ஆடலாம். இரண்டு பக்கமும் மாட்டியிருக்கும் ஜாய்கான் கன்ட்ரோலர்களைக் கழற்றி அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று கொடுத்தால் போட்டி ஆரம்பம். அப்படி வீடு வீடாகப் போன கன்சோலில் அதே கேம் 6 கோடியைத் தாண்டிவிட்டது.

பவரே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 என்ற கேம் பிஎஸ்4-ல் திணறியபோது, சோனி அதைத் தன் ஆன்லைன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. கேமுக்குத் தேவையான அளவு பவர் கட்டாயம் வேண்டும். அது இருக்கிறதென்றால், அடுத்து நான் பார்ப்பது எத்தனை வீடுகளில் அந்தக் கன்சோல் இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து யார் ஆடுவார்கள் என்பதைத்தான்.

சரி, மரியோ கார்ட்டில் உங்கள் டிராக் எது? எனக்கு எப்போதும் ரெயின்போ ரோடு.