பில்ட்ரூட்டில் ஐஎம்எக்ஸ்219 கேமரா

ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினிக்கு, பில்ட்ரூட் என்ற தொகுப்புக் கருவியில் சொந்தமாக லினக்ஸ் கட்டி ஐஎம்எக்ஸ்219 சென்சார் கேமராவை இயக்க, கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) சென்சார் டிரைவரோடு, கேமரா தரவைப் பெறும் யூனிகேம் டிரைவரும் வேண்டும். ஓவர்லே கோப்புகளை (இணைத்த வன்பொருளைக் கெர்னலுக்குச் சொல்பவை) நிறுவும் தெரிவையும் மறக்காதீர்கள். அது இல்லையென்றால் கான்ஃபிக் கோப்பில் ஐஎம்எக்ஸ்219 ஓவர்லே வரியைச் சேர்த்தும் பயனில்லை.

கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் சிப் ஐடியைப் படிக்க முடியவில்லை, பிழை -5 என்று வந்தால், டிரைவர் ஏறிவிட்டது, சென்சார் பதில் சொல்லவில்லை என்று பொருள். முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு 15 பின் ரிப்பன் கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். சென்சாரோடு பேசும் ஐ2சி இணைப்பை ஸ்கேன் செய்யும்போது சென்சாரின் 0x10 முகவரி தெரியவில்லை என்று மட்டும் வைத்து கேமராவைப் பழிக்க வேண்டாம். டிரைவர் தேவைப்படும்போதுதான் சென்சாருக்கு மின்சாரமும் 24 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கும் கிடைக்கும். ஸ்கேனில் அந்த இடத்தில் யூயூ (UU) என்று தெரிந்தால் டிரைவர் அந்த முகவரியைப் பிடித்துக்கொண்டது.

வீடியோ0 என்ற கேமரா சாதனக் கோப்பு வந்த பிறகும் நேராகப் படம் எதிர்பார்க்காதீர்கள்: வருவது 10 பிட் பேயர் தரவு, அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே நிறம் மட்டும் உள்ள மூலத் தரவு. அதை நிறப் படமாக்க லிப்கேமரா என்ற மென்பொருள் தேவை.